கைப்பேசிக்குள் இருக்கும் சாட்சி

வாட்ஸ்அப் செய்தி, சிசிடிவி பதிவு, பணம் அனுப்பிய குறுஞ்செய்தி... இன்று பல வழக்குகளின் தலையெழுத்து இவற்றில்தான் இருக்கிறது. ஆனால், கோர்ட் படியேறுவதற்குள் இவற்றில் எத்தனை உயிரோடு மிஞ்சுகின்றன?

பழையனூரில் ஊர்ச்சபை கூடியிருக்கிறது. எழுபது வேளாளர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு பெண் நின்று அழுகிறாள். இடுப்பில் குழந்தை. எதிரே நிற்கும் வணிகனைக் காட்டி, "இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகிறார்" என்கிறாள். வணிகன் நடுங்குகிறான். "இவள் மனுஷியே இல்லை, பேய். என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்" என்கிறான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அவனை அப்பா என்று கூப்பிடுகிறது. சபைக்கு அது போதும் என்று தோன்றிவிட்டது. வணிகன் கையிலிருந்த வாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, இரவு அவளோடு தங்க வைத்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். குழந்தையாக இருந்தது கள்ளிக்கட்டை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

நீலி கதை தெரியாத தமிழர் குறைவு. திருவள்ளூர் மாவட்டத்து மணவூர்க்காரர்களுக்கோ அது பக்கத்து ஊரில் நடந்த சங்கதி. சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் மணவூருக்கு அடுத்த நிறுத்தம் திருவாலங்காடு. அதை ஒட்டியே பழையனூர். சாட்சி பூதேஸ்வரர் என்ற பெயரிலேயே அங்கே ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அந்தச் சபையார் நல்லவர்கள். அழுகையைக் கேட்டார்கள், குழந்தையின் சொல்லையும் கேட்டார்கள். அந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காமல் விட்டார்கள்.

ஒரு கைப்பேசிப் பதிவு இன்று கோர்ட்டில் வந்து நிற்கும்போது சட்டம் முதலில் கேட்பது அதைத்தான். எங்கிருந்து வந்தாய்? யார் கையில் இருந்தாய்? வழியில் யாராவது உன்னைத் தொட்டார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் வந்த நல்ல ஆதாரங்கள் எத்தனையோ வழக்குகளில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன.

"எல்லாம் போன்ல இருக்கு சார்!"

மணவூரில் ஒருவர் நண்பருக்கு இரண்டு லட்ச ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். புரோநோட்டு இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. பாதிப் பணம் யுபிஐ வழியாகப் போனது, மீதி ரொக்கம். 'தை மாசம் திருப்பித் தந்துடறேன்' என்று நண்பர் அனுப்பிய குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. தை போய் ஆடியும் வந்தாயிற்று. திருத்தணியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்க்கிறார்.

"எல்லாம் போன்ல இருக்கு சார்."

"எந்த போன்ல?"

"பழைய போன்ல. அது உடைஞ்சிடுச்சு. ஆனா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து மச்சானுக்கு அனுப்பி வெச்சிருக்கேன்."

இந்த மூன்றாவது வரியில்தான் வக்கீலுக்கு வியர்க்கத் தொடங்குகிறது. மூலப்பதிவு இருந்த கருவி போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு படத்தின் நகல், அதுவும் இன்னொருவர் கைப்பேசியில். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எந்தக் கருவியில், எந்த நேரத்தில் எடுத்தது என்று கோப்புக்குள் பதிவாகியிருக்கும் விவரங்களும் உதிர்ந்துபோகும். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'இது ஜோடிக்கப்பட்டது' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை மறுக்கும் பாரம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர் தலையில் விழுகிறது.

பெரிய நகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே தனிக் குழு வைத்திருக்கின்றன. வழக்குக்கு வேண்டிய மின்னணு ஆவணங்களைத் தேடி, சேதமில்லாமல் எடுத்து, பாதுகாத்து, சலித்து, கோர்ட் ஏற்கும் வடிவில் கொண்டுவந்து வைப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மின்னணு ஆவணக் கண்டறிதல் என்று அதைச் சொல்லலாம். கோடிக்கணக்கில் பணம் புரளும் வழக்குகளுக்கான ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் வாதமே வேறு: முன்சீப் கோர்ட் வக்கீலுக்குத்தான் இது அதிகம் தேவை. அவருடைய கட்சிக்காரருக்கு இரண்டாவது ஆதாரம் இருக்காது.

மலைக்கோயில் கேமரா சொன்னது

மின்னணுச் சாட்சியம் ஒரு வழக்கைத் தாங்கிப்பிடித்ததற்குத் தமிழ்நாட்டில் கோகுல்ராஜ் வழக்கைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குத் தன் தோழியோடு போகிறார். அவர் தலித் இளைஞர். அந்தப் பெண் வேறு சமூகம். கோயிலிலிருந்து ஒரு கும்பல் அவரைக் கடத்திச் செல்கிறது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் உடல் கிடைக்கிறது. விசாரணையின் நடுவே திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுப்பிரியா 2015 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. பிறகு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது.

அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, அன்று கூட இருந்த அந்தப் பெண்தான். அவர் பிறழ்சாட்சியானார். வாய்மொழிச் சாட்சியை மட்டும் நம்பிய வழக்காக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆனால், கோயிலின் சிசிடிவி கேமராக்கள் அன்றைய பகலைப் பதிவு செய்திருந்தன. யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள், யார் பின்தொடர்ந்தார்கள் என்பது அதில் இருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

மேல்முறையீட்டில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணை மறுபடி அழைத்தது. சிசிடிவி காட்சியைத் திரையில் போட்டுக் காட்டியது. காட்சியில் இருப்பது தான் இல்லை என்றார் அவர். நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவர்மீது அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் திருச்செங்கோடு மலைக்கே போனார்கள். கோயிலையும் உடல் கிடந்த இடத்தையும் நேரில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 2 அன்று எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். இருவருக்கு ஐந்தாண்டுச் சிறையாகக் குறைத்தார்கள்.

அந்தப் பதிவின் ஏற்புத்தன்மையை எதிர்த்தரப்பு விடாமல் கேள்வி கேட்டது. கேட்பது அதன் உரிமை, கேட்கத்தான் வேண்டும். அத்தனை கேள்விகளையும் தாண்டி அந்தப் பதிவு நின்றதால்தான், பயந்தோ பணிந்தோ சாட்சிகள் விலகிய பிறகும் கோகுல்ராஜின் தாய்க்கு நீதி கிடைத்தது. சாதி பலம் சாட்சியின் வாயை அடைக்கக்கூடிய ஊர்களில் இதன் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

┌─────────────
சட்டம் நடந்து வந்த பாதை

2000: தகவல் தொழில்நுட்பச் சட்டம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு சேர்கிறது. மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் தேவை.

2004: இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்திய வழக்கில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்குகிறது. புகார் கொடுத்த ஆண்டுக்குள்ளேயே தீர்ப்பு.

2014: அன்வர் வழக்கு. சான்றிதழ் இல்லாத சிடிக்களை உச்ச நீதிமன்றம் நிராகரிக்கிறது.

2020: அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கு. சான்றிதழ் கட்டாயம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்கிறது.

2024 ஜூலை 1: பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வருகிறது. 65பி-யின் இடத்தில் 63-ஆம் பிரிவு.
└─────────────

ஒரு தாள் இல்லாததால்...

அன்வர் வழக்கின் களம் கேரளத்தின் எறநாடு தொகுதி, 2011 சட்டமன்றத் தேர்தல். அவதூறுப் பாடல்களையும் பேச்சுகளையும் ஒலிபரப்பித் தன்னைத் தோற்கடித்தார்கள் என்று தோற்றவர் சிடிக்களைக் கொண்டுவந்தார். பதிவு செய்த கருவிகளையே கொண்டுவந்திருந்தால் அது முதன்மைச் சாட்சியமாகியிருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து சிடியில் இறக்கியதைக் கொண்டுவந்தார். சான்றிதழும் இல்லை. முடிந்தது.

கோட்கர் வழக்கு மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதி. 2014 செப்டம்பர் 27 அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் வேட்புமனு கொடுக்கப்பட்டதா, பிறகா என்பது சண்டை. தேர்தல் அலுவலகத்திலேயே வீடியோ எடுத்திருந்தார்கள். வழக்குத் தொடுத்தவர் சான்றிதழ் கேட்டுக் கேட்டுப் பார்த்தார், அதிகாரிகள் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. சான்றிதழுக்குப் பதிலாக வாய்மொழிச் சாட்சி செல்லாது. இந்த இடத்தில், மாற்றாகச் சாட்சி சொல்லலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ராமஜெயம் வழக்கில் எடுத்திருந்த நிலைப்பாடும் அடிபட்டுப்போனது. இரண்டாவது, கருவி வேறொருவர் கையில் இருந்து அவர் சான்றிதழ் தர மறுத்தால், கோர்ட்டை அணுகி உத்தரவு கேட்கலாம். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தவரைச் சட்டம் தண்டிக்காது.

இந்த இரண்டாவது பகுதிதான் சிறு ஊர் வக்கீல்களுக்குக் கிடைத்த ஆயுதம். எதிராளியின் கடை கேமராவோ, டோல்கேட் பதிவோ, வங்கியின் சர்வரோ, எதுவும் கட்சிக்காரர் கையில் இருக்காது. கேட்டோம், மறுத்தார்கள், அதற்கான கடிதம் இதோ என்று காட்ட வேண்டும். எழுத்தில் கேட்காமல் விட்டவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

செப்பேட்டு வளையமும் 64 எழுத்துகளும்

புதிய சாட்சியச் சட்டம் சான்றிதழுக்கு ஒரு படிவத்தையே இணைத்திருக்கிறது. இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் பதிவைக் கொண்டுவருபவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாவதில் ஒரு நிபுணர். கருவியின் மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ எண் எல்லாம் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஹாஷ் மதிப்பு.

ஹாஷ் என்றால் என்ன? திருவாலங்காட்டிலேயே அதற்கு ஒரு மூதாதை உண்டு. 1905-ல் அங்கே கிடைத்தவை முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள். மொத்தம் 31 ஏடுகள். பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய ஆவணம். ஏடுகளின் துளை வழியாக ஒரு வளையம் கோத்து, அதன் மூட்டில் சோழ முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவ முடியாது. புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. ஹாஷ் செய்வதும் அதே காவலைத்தான். ஒரு கோப்பை எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறைக்குள் செலுத்தினால், எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் கொண்ட ஒரு சரம் வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க வேறாகிவிடும். கைப்பற்றிய அன்று எடுத்த சரமும் விசாரணை நாளில் எடுக்கும் சரமும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கைவைக்கவில்லை.

கணக்குப் போடுவது எளிது. இலவச மென்பொருளிலேயே சில நொடிகளில் முடியும். நிபுணர் கையெழுத்துதான் இடிக்கிறது. யார் நிபுணர் என்று 63-ஆம் பிரிவு விளக்கவில்லை. 2024 அக்டோபரில் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவியின் கைப்பேசி அழைப்பு விவரங்களைக் கணவர் எடுத்துவந்து, தானே சான்றிதழும் கொடுத்திருந்தார். அந்தரங்க உரிமையை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். கூடவே, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்படி தமிழ்நாட்டுக்குப் போதிய நிபுணர்களை மூன்று மாதங்களுக்குள் அறிவிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்.

அந்தரங்கம் பற்றிய பகுதியில் நிலைமை பிறகு மாறியது. 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில், கணவன் - மனைவி வழக்குகளில் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், நிபுணர் பற்றாக்குறை என்ற நோய் அப்படியே நிற்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு வழக்குப் போடும் பூக்கடைக்காரர், ஒரு வாட்ஸ்அப் உரையாடலுக்குச் சான்று வாங்கச் சென்னைக்கு அலைய வேண்டும் என்றால், சட்டம் அவருக்குக் கதவைச் சாத்துகிறது என்றுதான் பொருள். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும், நியாயமான கட்டணத்தில், அரசு நியமித்த நிபுணர் ஒருவர் உட்கார வேண்டும். நோட்டரிகளை ஊர் ஊராக நியமிக்கத் தெரிந்த அரசுக்கு இதுவும் முடியும்.

முப்பது லட்சம் மின்னஞ்சல்களைப் படிப்பது யார்?

மின்னணு ஆவணக் கண்டறிதல் என்ற தொழிலுக்கு உலகம் முழுக்க முகவரி கொடுத்தவர்களில் நியூயார்க் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் முக்கியமானவர். யுபிஎஸ் வார்பர்க் வங்கியில் வேலை பார்த்த லாரா ஜுபுலேக், பாலினப் பாகுபாடு காட்டினார்கள் என்று போட்ட வழக்கு ஷைன்ட்லின் முன் வந்தது. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் வங்கி ஊழியர்கள் மின்னஞ்சல்களை அழித்தது வெளியே வந்தது. ஆதாரத்தை அழித்தவருக்கு எதிராகவே அதைக் கருதலாம் என்று ஜூரிகளுக்குச் சொல்லப்பட்டது. 2005-ல் ஜூரிகள் கொடுத்த இழப்பீடு 2.9 கோடி டாலருக்கும் மேல். அதன் பிறகு, வழக்கு வாசம் அடித்தவுடன் 'எதையும் அழிக்காதே' என்று கட்சிக்காரருக்கு எழுதுவது அமெரிக்க வக்கீலின் முதல் வேலையாகிவிட்டது. 2012-ல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் கொண்ட ஒரு வழக்கில், கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு சலித்துத் தரும் முறைக்கு நீதிபதி ஆண்ட்ரூ பெக் அனுமதி கொடுத்தார். வக்கீல் ஒரு மாதிரித் தொகுப்பைப் படித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று குறிப்பார். மென்பொருள் அதைப் பார்த்து மீதியை வரிசைப்படுத்தும்.

இப்படிப்பட்ட மின்னஞ்சல் குவியல்களில் ஒரு பகுதியைப் படித்துத் தரம் பிரிப்பது, சென்னை அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் சட்டப் பட்டதாரிகள். இந்த வேலை இந்திய வக்கீல் சட்டத்தை மீறுகிறதா என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே.பாலாஜி தொடுத்த வழக்கில் ஒரு கேள்வியாக இருந்தது. மீறவில்லை என்றது 2012 தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம், வேலையின் சாரம் வக்கீல் தொழிலாக இருந்தால் சட்டம் பொருந்தும் என்று அதைத் திருத்தியது. வருத்தம் என்னவென்றால், நியூயார்க் வழக்குக்கு இந்த வித்தையைச் செய்துகாட்டும் கைகள் நம் ஊரில் இருந்தும், அது திருவள்ளூர் மாவட்டக் கோர்ட்டுகளுக்கு வந்து சேரவில்லை.

வந்தாலும் அப்படியே பொருந்தாது. ஆங்கில மின்னஞ்சலுக்குச் செய்த மென்பொருள், மணவூர் வாட்ஸ்அப்பில் திணறும். நம் மக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். 'குடுத்துட்டேன்' என்பதை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். 'ரெண்டு தரணும்' என்றால் இரண்டாயிரமா, இரண்டு லட்சமா என்பது பேசிய இருவருக்குத்தான் தெரியும். ஆந்திர எல்லைப்புறம் என்பதால் பாதி உரையாடல் தெலுங்கில் ஓடும். பணம் என்று தேடினால் 'டப்பு' அகப்படாது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. பழைய பத்திரத்திலும் தெலுங்கு, புதிய குரல் பதிவிலும் தெலுங்கு. இந்த வட்டார வழக்கை அறிந்த ஜூனியர் வக்கீலோ குமாஸ்தாவோ உட்கார்ந்து கேட்டு, நேரம் குறித்து, எழுத்துப்படி எடுத்தால்தான் பதிவு பேசும். இங்கே மென்பொருள் உதவியாள்; மனிதக் காதுதான் வேலையாள்.

┌─────────────
வக்கீலைப் பார்க்கப் போகும் முன்

• கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். உடைந்திருந்தாலும் எடுத்துப்போங்கள்.

• உரையாடலில் உங்களுக்குச் சங்கடமான வரிகளையும் அழிக்காதீர்கள். பாதி உரையாடல் சந்தேகத்தைத்தான் கூட்டும்.

• தானாக அழியும் செய்தி வசதி இயங்கினால் உடனே நிறுத்துங்கள்.

• படத்தையும் வீடியோவையும் யாருக்கும் ஃபார்வர்டு செய்து 'பத்திரப்படுத்த' வேண்டாம். மூலக்கோப்பு அதே கருவியில் இருக்கட்டும்.

• வங்கிப் பரிமாற்றத்துக்கு ஸ்கிரீன்ஷாட் போதாது. வங்கியிடம் சான்றளித்த கணக்கு அறிக்கை கேளுங்கள்.
└─────────────

எதிராளியிடம் இருப்பதை எப்படி எடுப்பது?

கிரிமினல் வழக்கில் போலீஸ் கைப்பற்றும். புதிய நடைமுறைச் சட்டப்படி அந்தக் கைப்பற்றுதலையே வீடியோ எடுக்க வேண்டும். சிவில் வழக்கில் அப்படி யாரும் வரமாட்டார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளை, எதிர்த்தரப்பிடம் உள்ள ஆவணங்களை வெளியிடச் சொல்லிக் கேட்கும் உரிமையை நூறாண்டுக்கும் மேலாகக் கொடுத்துவருகிறது. சாதாரண வழக்குகளில் அதை அதிகம் எடுத்தாள்வதில்லை. 2015-ல் வந்த வணிக நீதிமன்றச் சட்டம் இதைக் கடுமையாக்கியது. வணிக வழக்கில், தனக்குப் பாதகமான ஆவணம் உட்பட எல்லாவற்றையும் பிராதோடு பட்டியலிட்டு, வேறெதுவும் மறைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். மின்னணுப் பதிவானால், யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கண்டிப்பை முன்சீப் கோர்ட் வரை கொண்டுவரச் சட்டத்திருத்தம் வேண்டும். அது வரும்வரை வக்கீல்கள் கையில் இருப்பதைக் கொண்டே நிறையச் செய்யலாம். வழக்கறிஞர் நோட்டீஸில் பணத்தைக் கேட்பதோடு, இன்ன தேதியின் கேமரா பதிவையும் இன்ன எண்ணின் உரையாடலையும் அழிக்கக் கூடாது என்று ஒரு பத்தி சேர்க்கலாம். பெரும்பாலான கடைகளில் கேமரா காட்சியைச் சேமிக்கும் டிவிஆர் கருவி சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். வழக்குக்கு எண் விழுந்து சம்மன் போய்ச் சேர அதைவிட அதிக காலம் ஆகிறது. ஆகவே பிராதோடு சேர்த்தே, 39-ஆம் கட்டளை 7-ஆம் விதியின்படி பதிவைப் பாதுகாக்க மனுப்போட வேண்டும். 26-ஆம் கட்டளையின் 10ஏ விதி, அறிவியல் ஆய்வுக்குக் கமிஷனரை நியமிக்க இடம் தருகிறது. வரப்புத் தகராறு என்றால் சங்கிலியோடு வக்கீல் கமிஷனரை வயலுக்கு அனுப்ப நம் கோர்ட்டுகள் தயங்குவதில்லை. அதே கமிஷனரைத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரோடு கடைக்கு அனுப்பி, டிவிஆரின் வரிசை எண்ணைக் குறித்து, பதிவை நகலெடுத்து, அங்கேயே ஹாஷ் மதிப்பை மகஜரில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். வழக்குப் போடும் அன்றே மனு தயாராக இருக்க வேண்டும். கோர்ட் அதை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளாமல் அன்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.